டாக்டர் போடணுமா, வேண்டாமா?

"அக்கா, பாஸ்டருக்கு டாக்டர் போடவா, வேண்டாமா?"

கோவில்பட்டியில் ஒரு அச்சகம். டி.டி.பி. போடுகிற பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். அப்பா ஊழியத்துக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. அதற்கான ஸ்தோத்திரக் கூட்டத்துக்குப் போஸ்டர் அடிக்கப் போயிருந்தேன். அவன் புதிதாக எதையும் வரையவில்லை. போன வாரம் யாருக்கோ அடித்த கன்வென்ஷன் போஸ்டரைத் திறந்து, புறா, ஒளிக்கதிர், விரித்த வேதாகமம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் அழித்தான். பெயருக்கு முன்னால் இருந்த 'ரெவ. டாக்டர்' அழியாமல் நின்றது. வருகிற எல்லாருக்கும் அதுதான் போடுகிறோம், எதற்கு அழித்து அழித்து அடிப்பானேன் என்று நினைத்திருப்பான். நான் பேசாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி.

போடு என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வெளியே வந்து ஸ்கூட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். கேட்பதற்கு என்ன இருக்கிறது? அப்பாவிடம் டாக்டர் பட்டம் இருக்கத்தான் செய்கிறது. வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, பழைய காலண்டர்களோடு சொருகி, பதின்மூன்று வருஷமாக இருக்கிறது.

பீரோவுக்குப் பின்னால்

2011இல் நான் திருநெல்வேலியில் கணக்கு டீச்சராக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் டிவி மேல் ஒரு புகைப்படம். சிவப்பு அங்கி, குஞ்சம் தொங்கும் தொப்பி, நடுவில் அப்பாவின் முகம். வெயிலில் சைக்கிள் மிதித்துக் கறுத்த அந்த முகத்துக்கும் அந்த அங்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்து நகரத்தில் ஒரு ஓட்டல் ஹாலில் பட்டமளிப்பு விழாவாம். பெயரில் 'இன்டர்நேஷனல்' உள்ள ஒரு அமைப்பு. அமெரிக்காவில் ஒரு தபால்பெட்டி எண்தான் முகவரி. அன்று ஒரே மேடையில் இருபத்துச் சொச்சம் பேருக்கு 'டாக்டர் ஆஃப் டிவினிட்டி'. பதிவுக் கட்டணம் பதினைந்தாயிரம், அங்கி வாடகை தனி, மதியம் பிரியாணி அதற்குள் அடக்கம். பணம், அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்தது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. எம்.எஸ்சி., பி.எட். முடித்த திமிரும் இருந்தது. "அப்பா, இது செல்லாது" என்றேன். முகத்துக்கு நேராக, அம்மா முன்னாலேயே.

"செல்லாதுன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் அப்பா.

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஏமாந்துவிட்டார், எடுத்துச் சொன்னால் தெளிவார் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்தேதான் போயிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஐக்கியக் கூட்டத்துல நாற்காலி போடறவன் நோட்டீசைப் பார்த்துத்தாம்மா போடறான். டாக்டர்னா மேடை. வெறும் பாஸ்டர்னா கீழே. இருபத்தேழு வருஷமா கீழேதான உக்காந்திருக்கேன்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஆனால் அந்தப் பட்டத்தை அவர் ஒருநாளும் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிவி மேல் இருந்த புகைப்படம் ஒரு மாதத்தில் உள்ளே போயிற்று. சான்றிதழ் பீரோவுக்குப் பின்னால் போயிற்று. நான் சொன்னதாலா, அவருக்கே ஒப்பவில்லையா, இன்றுவரை கேட்டதில்லை. அச்சகத்து வாசலில் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அப்பா படிக்காதவர் இல்லை. 1988 முதல் ஏழு வருஷம், செவ்வாய்க்கிழமை தவறாமல், பதினாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துக் கோவில்பட்டிக்கு வந்து டாஃப்டி பாடங்களைப் படித்தவர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1971இல் தொடங்கிய விரிவாக்க இறையியல் கல்வி அது. வீட்டிலேயே படிக்கும்படி எழுதப்பட்ட பாடப்புத்தகம். ஒவ்வொரு பத்திக்குக் கீழும் கோடிட்ட இடம், அதை நிரப்பினால்தான் அடுத்த பத்தி புரியும். வாரம் ஒருமுறை குழுவாகக் கூடி, நிரப்பியதை வைத்துச் சண்டை போட வேண்டும். அப்பாவின் குழுவில் ஒரு தபால்காரர், ஒரு மில் தொழிலாளி, சி.எஸ்.ஐ. சபையின் உபதேசியார் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அந்தத் தமிழாசிரியர்தான் குழுத்தலைவர். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் சேவு வாங்கி நடுவில் வைத்துக்கொண்டு படிப்பார்களாம். ரோமர் நிருபம் முடிவதற்கு முன்னால் சேவு முடிந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிற பகடி. ஏழு வருஷம் கழித்து ஒரு சான்றிதழ் வந்தது. அதைப் பெயருக்கு முன்னாலும் போட முடியாது, பின்னாலும் போட முடியாது. ஏழு வருஷம் படித்ததற்கு ஒரு எழுத்துக்கூட இல்லை, ஒரு மதியம் பிரியாணி சாப்பிட்டதற்கு 'டாக்டர்'. கணக்கு டீச்சருக்கு இது எப்படிச் செமிக்கும்?

யார் கொடுத்த அங்கீகாரம்?

ஒன்பது வருஷம் கழித்து இதே கேள்வி தம்பி வழியாக வந்தது. அவன் பி.காம். முடித்துவிட்டுச் சிவகாசியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன்; அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனதும் சபையைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டான். 2020 ஊரடங்கில் ஆராதனை நின்று, போனில் பிரசங்கம் பேசி அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் சொன்னான்: "அக்கா, நான் பேசினதை நானே திரும்பக் கேட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. படிக்கணும்." படித்தால் போதகர்களுக்கான முதுகலைப் படிப்பான எம்.டிவ். படிக்க வேண்டும், தபாலிலோ ஆன்லைனிலோதான் முடியும், ஆனால் 'அங்கீகாரம் உள்ளதாக' இருக்க வேண்டும் என்றான். பீரோவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னான் என்று எனக்குத் தோன்றியது.

"எதுக்குடா ஆன்லைன்? பெங்களூர்ல போய் மூணு வருஷம் உக்காந்து படி."

"சபையைப் பூட்டிச் சாவியை உங்கிட்ட குடுத்துட்டுப் போகவா?"

நியாயம்தான். எண்பது குடும்பம், ஞாயிறு இரண்டு ஆராதனை, புதன் உபவாச ஜெபம், நடுவில் ஆஸ்பத்திரி, கல்யாணம், அடக்கம். அவனுக்கும் இரண்டு குழந்தைகள். விசாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடமும் மூடியிருந்ததால் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, அங்கீகாரம் என்ற ஒரே சொல்லை நாம் குறைந்தது நாலு வெவ்வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம் என்று புரிந்தது.

முதலாவது, நம் அரசாங்கம். 1956ஆம் வருஷத்து யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, மத்திய, மாகாண அல்லது மாநிலச் சட்டத்தால் உண்டான பல்கலைக்கழகமோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமோதான் இந்தியாவில் 'பட்டம்' தரலாம். மீறினால் 24ஆம் பிரிவில் தண்டனை உண்டு: ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆமாம், ஆயிரம்தான். அப்பா கட்டிய பதிவுக் கட்டணத்தில் பதினைந்து அபராதம் கட்டலாம்.

இறையியலில் இந்தச் சட்டத்துக்குள் பழைய உரிமையோடு உட்கார்ந்திருப்பது வங்காளத்துச் செராம்பூர். மிஷனெரிகளான கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818இல் தொடங்கிய கல்லூரி; அந்த ஊர் அன்று டென்மார்க்கின் கையில் இருந்ததால் பட்டம் தரும் உரிமைச் சாசனத்தை 1827இல் கொடுத்தவர் டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடரிக். நம்ம தரங்கம்பாடியும் அதே மன்னருடையது. 1845இல் இரண்டு ஊரையும் சேர்த்தே பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றார்கள். ஊர் கைமாறியும் சாசனம் செல்லுபடியாக இருந்தது. 1918இல் வங்காளச் சட்டமன்றம் தனிச் சட்டமே போட்டு உறுதி செய்தது. சி.எஸ்.ஐ.யில் ஐயர், அதாவது போதகர், ஆக வேண்டுமென்றால் மதுரை அரசரடியிலோ, பெங்களூரிலோ, சென்னை குருகுலத்திலோ போய் இந்த செராம்பூர் பி.டி. என்கிற இறையியல் பட்டத்தை வாங்குவதுதான் வழக்கமான பாதை. செராம்பூரிலேயே வெளியிலிருந்து படிக்கும் படிப்பும் உண்டு, பி.சி.எஸ். என்பார்கள். விசுவாசிகள், பெண்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்று பலர் எழுதுவது.

இரண்டாவது, சபைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அங்கீகாரம். 1970இல் உருவான ஆசிய இறையியல் கழகம், ஏ.டி.ஏ. என்பது, இவாஞ்சலிக்கல் வேதாகமக் கல்லூரிகளைப் பார்வையிட்டுத் தரம் சொல்கிறது. அந்தக் கல்லூரிகளுக்கிடையே அதற்கு மதிப்பு உண்டு. அரசு அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டினால், என்ன தாள் இது என்று கேட்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் துண்டுப்பிரசுரத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று மட்டும் போட்டு, யாரால் என்பதைப் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கிறார்கள்.

மூன்றாவது, அமெரிக்கா. அங்கே அரசாங்கம் நேரடியாகக் கல்லூரிக்கு அங்கீகாரம் தருவதில்லை. அங்கீகாரம் தருகிற அமைப்புகளைத்தான் கல்வித்துறை அங்கீகரிக்கிறது. செமினரிகள் என்கிற இறையியல் கல்லூரிகளுக்கு முக்கியமானது ஏ.டி.எஸ்.; 1918இல் கூடத் தொடங்கி, 1938இல் முதல் அங்கீகாரப் பட்டியலை வெளியிட்டது. அதன் கணக்கில் எம்.டிவ். என்றால் குறைந்தது 72 கிரெடிட், எம்.ஏ. என்றால் 36. வேதாகமக் கல்லூரிகளுக்கு ஏ.பி.எச்.இ., டிராக்ஸ் என்று வேறு அமைப்புகள். கல்லூரி தன்னைப் பற்றித் தானே ஒரு அறிக்கை எழுத வேண்டும். வெளியிலிருந்து ஒரு குழு வந்து நாலு நாள் தங்கித் துருவும். அதிகபட்சம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இதெல்லாம் மறுபடி நடக்கும். முன்பெல்லாம் எம்.டிவ்.வில் ஒரு பகுதியை வளாகத்துக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்று விதி இருந்தது. பிறகு அது தளர்ந்துகொண்டே வந்து, 2020 ஜூனில் ஏற்ற புதிய தரவிதிகளில் அந்தக் கட்டாயமே எடுபட்டுப்போனது. தம்பி கேட்டதும் அதே வருஷம். எங்களுக்கென்று எடுத்துவிட்டது போல இருந்தது.

நாலாவதுதான் கூத்து. அங்கீகாரமே தேவையில்லை என்கிற அனுமதி. டெக்சாஸில் டிண்டேல் என்ற ஒரு செமினரிக்கு, மாநில ஒப்புதல் இல்லாமல் பட்டம் கொடுத்ததற்காகவும் 'செமினரி' என்ற பெயரை வைத்துக்கொண்டதற்காகவும் 1,73,000 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு மேலே மேலே போய், மதப் படிப்புக்கு எது தரம் என்று அரசு முடிவு செய்யக் கூடாது என்று 2007இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் செமினரி பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஃபுளோரிடாவில் மதக் கல்வி நிறுவனம் உரிமம் இல்லாமலே பட்டம் தரலாம். அது மதப் பட்டம் என்பது பட்டத்தின் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது போன்ற சில நிபந்தனைகள் மட்டும் உண்டு. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது எனக்கு எரிச்சல் வரவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. சரிதானே? யார் போதகராகத் தகுதியானவர் என்று கலெக்டர் ஆபீசா சொல்லும்? அப்பாவுக்கு அபிஷேகம் பண்ணினவர் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெரியவர். ஆனால் அதே சந்து வழியாகத்தான் ஓட்டல் ஹாலுக்குச் சிவப்பு அங்கியும் வந்து சேர்ந்தது.

ஆர்மோனியமும் கேமராவும்

கடைசியில் தம்பி ஒரு அமெரிக்க செமினரியின் தொலைதூர எம்.டிவ்.வில் 2021இல் சேர்ந்தான். கட்டணத்தில் பெரும்பகுதிக்கு உதவித்தொகை கிடைத்தது, மீதிக்கு நான். முதல் வருஷம், புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கம். கொய்னே கிரேக்கச் சொற்களைச் சின்னச் சின்ன அட்டையில் எழுதி ஆர்மோனியத்தின் மேல் வரிசையாகச் செருகி வைத்திருந்தான். பாட்டு வாசிக்க வந்த பையன் அதைப் புது ஸ்வரக் குறிப்பு என்று நினைத்துக்கொண்டான்.

பரீட்சை நாள் வேடிக்கை. முன்பெல்லாம் உள்ளூரில் ஒரு கண்காணிப்பாளரை நாமே பிடித்துத் தர வேண்டும். அவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது என்று விதியாம். எங்கள் ஊரில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் கிரேக்கமே மறந்துபோயிருக்கும். இப்போது கேமரா. சபைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் லேப்டாப்பைத் தூக்கிச் சுற்றிலும் காட்டச் சொன்னது அந்த மென்பொருள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கழுவிக் கவிழ்த்த திருவிருந்துக் கிண்ணங்கள், மடக்கிச் சாத்திய சமுக்காளம், உறையில்லாத தபேலா ஒன்று. மேசைக்கு அடியிலும் காட்டு என்றது. அங்கே பூனை. அதற்குள் கரண்ட் போனது. போன் வெளிச்சத்தில், போன் இணைப்பில் உட்கார்ந்து வினைச்சொல் வாய்பாடு எழுதி முடித்தான். யாரும் இல்லாத அறையில் யாரும் இல்லை என்று நிரூபிக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

மற்றபடி அந்த வாழ்க்கை கொஞ்சம் தனிமையானதுதான். வாரம் ஒரு கேள்விக்கு வியாழனுக்குள் பதில் எழுத வேண்டும், ஞாயிறு நள்ளிரவுக்குள் வேறு இரண்டு பேருக்கு மறுமொழி எழுத வேண்டும். அவர்களுடைய ஞாயிறு நள்ளிரவு நமக்குத் திங்கள் காலை பத்தரை. ஞாயிறு முழுக்க நின்று பேசுகிற போதகனுக்கு இது பெரிய கிருபை. அட்லா தரவுத்தளத்தில் உலகத்து இறையியல் ஆய்விதழ்களெல்லாம் திறந்து கிடந்தன. ஒரு அலமாரிப் புத்தகத்தோடு நாற்பது வருஷம் பிரசங்கம் பண்ணின அப்பா, திரை உருளுவதைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் படிச்சவங்க இருக்காங்களா?" என்றார். ஆனால் சேவுப் பொட்டலம் இல்லை. கூடப் படிக்கிற கென்யாக்காரரின் எழுத்து தம்பிக்குத் தெரியும். சிரித்தால் எப்படி இருப்பார் என்று தெரியாது.

விரிவாக்கக் கல்வியைப் பற்றிப் பேசிய டெட் வார்டு என்ற கல்வியாளர் அதை மரச்சட்ட வேலியோடு ஒப்பிட்டார். மேல் சட்டம் ஒன்று, கீழ்ச் சட்டம் ஒன்று: வீட்டில் படிக்கும் பாடமும் களத்தில் செய்யும் ஊழியமும். இரண்டையும் இடைவெளி விட்டு விட்டுப் பிடித்து நிறுத்துகிற குத்துக்கம்பங்கள், குழுவாகக் கூடும் வகுப்புகள். 1963இல் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் செமினரி, குடும்பத்தை விட்டு வர முடியாத ஊழியர்களிடம் தானே போகலாம் என்று தொடங்கியதிலிருந்து வளர்ந்த யோசனை இது. அப்பாவின் செவ்வாய்க்கிழமைகளுக்கும் அங்கிருந்துதான் வேர். தம்பியின் வேலியில் சட்டங்கள் தேக்கு. கம்பங்கள்தான் நடப்பட்டிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது, அந்தக் கட்டுரை திரும்பி வரும்வரை.

திரும்பி வந்த கட்டுரை

மூன்றாவது பருவம். பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில் சில வசனங்களுக்கு விளக்கவுரை எழுத வேண்டும். 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்கிற 13ஆம் வசனம் அதில் வருகிறது. நம்மூரில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஜெபிக்கிற எந்த வீட்டிலும் சுவரில் இருக்கிற வசனம். என் ஹால் டிக்கெட்டுக்குப் பின்னால் அப்பா எழுதிக் கொடுத்தது. தம்பிக்குக் கரும்பு தின்னக் கூலி. பன்னிரண்டு பக்கம் எழுதித் தள்ளினான்; அனுப்புவதற்கு முன்னால் எனக்கு வாசித்தும் காட்டினான். எனக்கே கண் கலங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்று திரும்பி வந்தது. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்ததைத் தம்பி போனில் எனக்குத் தமிழில் சொன்னான். 12ஆம் வசனத்தைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். நம் தமிழ் வேதாகமத்தில் 'போதிக்கப்பட்டேன்' என்று இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல்லைக் கவனித்தீர்களா? புதிய ஏற்பாட்டில் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. இரகசியச் சடங்குகளில் தீட்சை பெறுவதற்குச் சொல்லும் சொல். பவுல் எதில் தீட்சை பெற்றதாகச் சொல்கிறார்? திருப்தியிலும் பட்டினியிலும், நிறைவிலும் குறைவிலும். அப்படியானால் 'எல்லாவற்றையும்' என்பது எதை? இது நல்ல பிரசங்கம், நான் கேட்டது இதுவல்ல. திருத்தி அனுப்புங்கள்.

நான் தினமும் சிவப்பு மையில் எழுதுகிறவள். ஒரு தாளைத் திருத்துகிறவர் உண்மையாகவே வாசித்தாரா, சும்மா டிக் போட்டுக்கொண்டே போனாரா என்பது எனக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்த மனிதர் பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்திருந்தார். தம்பிக்குத்தான் தாங்கவில்லை. "இத்தனை வருஷமா இந்த வசனத்தைப் பேசறேன்க்கா, ஒருத்தர்கூட தப்புன்னு சொன்னதில்லையே" என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "யாரு சொல்வா?" என்றான்.

எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். சி.எஸ்.ஐ. ஐயருக்கு மேலே ஒரு பேராயர் இருக்கிறார், கமிட்டி இருக்கிறது, பக்கத்துச் சேகரத்து ஐயர் இருக்கிறார். எங்களைப் போன்ற தனிச்சபைப் போதகனுக்கு மேலே கூரைதான். விசுவாசிகள் ஸ்தோத்திரம் சொல்வார்கள். பிடிக்காவிட்டால் வேறு சபைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் வாசித்தது தப்பு, மறுபடி வாசியுங்கள் என்று சொல்ல அவனுக்கு உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. அரசு வேலைக்குப் போகாத, மேலிடம் இல்லாத ஒருவனுக்கு அங்கீகாரம் எதற்கு என்று அதுவரை எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு போடுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான். ஓட்டல் ஹாலில் பட்டம் வாங்கிய இருபத்துச் சொச்சம் பேரில் ஒருவர்கூட ஃபெயில் ஆகவில்லை.

தபால்வழிப் படிப்புக்கும் தொலைதூரக் கல்விக்கும் அமெரிக்கச் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது: ஆசிரியர் மாணவனோடு முறையாகவும் பொருள்படவும் பேசிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் தபால்வழிப் படிப்பு. முன்பு படித்தபோது இதை வக்கீல்களின் சொற்சிலம்பம் என்று தாண்டிப் போயிருந்தேன். அங்கீகாரம் இருந்தால் ஒவ்வொரு ஆசிரியரும் இப்படி வாசிப்பார் என்று நான் சொல்லவில்லை. அங்கீகாரம் உள்ள பள்ளியில் தூங்குகிற வாத்தியார்களோடு நானே வேலை பார்க்கிறேன். ஆனால் வாசித்தாரா என்று யாராவது வந்து கேட்பார்கள் என்ற பயமாவது அங்கே இருக்கிறது.

அந்த வாரமே ஆசிரியரோடு வீடியோவில் பேச நேரம் வாங்கினான். நம் நேரம் இரவு ஒன்பதரை. நான் அன்று ஊரில் இருந்தேன். சபைக்குள் டியூப்லைட் அடியில் தம்பி, எதிரே திரையில் காபிக் கோப்பையோடு ஒரு வயதானவர். வெளியே கட்டிலில் அப்பா படுத்திருந்தார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறைதான், ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி வெளியே வந்ததும், "மார்க் கொறச்சிட்டாராக்கும்?" என்றார்.

"ஆமாப்பா. திருப்பி எழுதணும்."

அப்பா எழுந்து உள்ளே போனார். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பீரோ என்றாலே எனக்கு அந்தச் சட்டம் போட்ட சான்றிதழ்தான். அவர் எடுத்து வந்தது அது இல்லை. டாஃப்டி பாடப்புத்தகம் ஒன்று, அட்டை போய், முதுகில் சாக்குத் தையல். ஒரு பக்கத்தை விரித்து டியூப்லைட் பக்கம் நீட்டினார். கோடிட்ட இடங்களில் அப்பாவின் நீல மை. அதன் குறுக்கே, மூலையிலிருந்து மூலைக்கு, சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே தமிழாசிரியரின் அச்சுப்போன்ற கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'மறுபடி.'

"மூணு செவ்வாக்கிழம அவர் மூஞ்சில நான் முழிக்கவேயில்ல" என்றார் அப்பா. "நாலாவது வாரம் அவரே சைக்கிள எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டார். உங்கம்மா அவருக்குத்தான் முதல்ல காபி குடுத்தா, எனக்கு இல்ல."

தம்பி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். ஆசிரியருக்கு அனுப்பினானா என்று தெரியாது. திருத்திய கட்டுரைக்கு எழுபத்தொன்பது வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதே வசனத்தைப் பேசும்போது, பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பவுல் பட்டினி கிடந்ததைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினான். ஒரு அம்மாவுக்குக் கோபம். பிள்ளைக்குத் தைரியம் சொல்லத்தானே கூட்டி வந்தோம் என்றார்.

மறுபடி அச்சகம்

இப்போது அவனுக்கு 42 கிரெடிட் முடிந்திருக்கிறது, இன்னும் 30. இது இந்தியாவில் எதற்கெல்லாம் செல்லும் என்று யாராவது கேட்டால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: சி.எஸ்.ஐ.யில் ஐயர் ஆக உதவாது, அரசு வேலைக்கு என்று நினைத்துச் சேராதீர்கள், மேலே படிக்கவோ வேதாகமக் கல்லூரியில் பாடம் எடுக்கவோ பயன்படும், சேருவதற்கு முன் அந்த அமைப்பின் பெயரை அங்கீகாரம் தருகிறவர்களுடைய பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள், கல்லூரியின் பட்டியலில் பார்க்காதீர்கள். ஆறு மாதத்தில் டாக்டர் என்று யாராவது சொன்னால் பிரியாணி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் போய்த் தங்கிப் படிப்பதற்கு இது ஈடா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. அந்த ஆசிரியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது அல்லவா.

ஸ்கூட்டியிலிருந்து இறங்கி அப்பாவுக்குப் போன் போட்டேன். "அப்பா, போஸ்டர்ல டாக்டர் போடணுமா, வேண்டாமான்னு கேக்குறான்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"உங்கம்மாகிட்ட கேளு. காசு அவளோடது."

அம்மா போனை வாங்கி, "என்னத்துக்கு? ஊசி போடச் சொல்லி யாராவது வந்துரப்போறாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

உள்ளே போய்ச் சொன்னேன். பையன் 'டாக்டர்' என்பதை அழித்தான். 'ரெவ.'வையும் அழிக்கச் சொன்னேன். 'பாஸ்டர்' என்று போட்டான். வரி குட்டையாகிப்போய் இடது பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. தலையைச் சொறிந்துகொண்டு பார்த்தான். "கேப் விழுதேக்கா" என்றான். அப்புறம் அவனே அப்பாவின் போட்டோவின் மூலையைப் பிடித்து இழுத்து, அந்த வெள்ளை இடம் மறைகிற மட்டும் பெரிதாக்கினான்.

போஸ்டர் ஒட்டிய அன்று சாயங்காலம் அப்பா பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என்ன இது, மூஞ்சிய இம்புட்டுப் பெருசா போட்டிருக்கான்?" என்றார்.